பிரிட்டிஷ் பட்ஜெட், வரி, வாக்குவாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் பட்ஜெட் பேச்சு எடுத்தாலே விகிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் சண்டை: 20 சதவீதமா, 40 சதவீதமா, வாட் ஏறுமா என்று. பணம் கைமாறுவதோ வேறு இடத்தில். நகராத வரம்புகள், சத்தமில்லாமல் பறிபோகும் சலுகைகள், 1991ஆம் ஆண்டோடு நின்றுபோன வீட்டு மதிப்பீடுகள் இவற்றில்தான் அது நடக்கிறது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த இடங்களையே சுற்றி வரும். வேறு சொல்லாத இடமெல்லாம் கணக்கு 2025-26 வரியாண்டுக்குரியது, ஊர் இங்கிலாந்து.

வருமான வரி விகிதத்தை உயர்த்தவே இல்லை என்கிறார்கள். அப்புறம் ஏன் பிடித்தம் கூடிக்கொண்டே போகிறது?

விகிதம் ஏறவில்லை என்பது உண்மைதான். வரம்பும் ஏறவில்லை என்பதுதான் சிக்கல். முதல் 12,570 பவுண்டுக்கு வரி கிடையாது. 50,270 வரை 20 சதவீதம், அதற்கு மேல் 40, 1,25,140க்கு மேல் 45. இந்த வரம்புகள் ஆண்டுதோறும் விலைவாசியோடு சேர்ந்து உயர்வதுதான் வழக்கம். 12,570, 50,270 என்ற எண்கள் 2021 ஏப்ரலில் வந்து நின்றவை, இன்னும் அசையவில்லை. 2026 வரை என்று நிறுத்தி வைத்தவர் ரிஷி சுனக். 2028க்கு நீட்டியவர் ஜெரமி ஹன்ட். 2025 நவம்பர் பட்ஜெட்டில் 2031க்கு நீட்டியவர் ரேச்சல் ரீவ்ஸ். கட்சி இரண்டு (முதல் இருவர் கன்சர்வேட்டிவ், ரீவ்ஸ் லேபர்), நிதியமைச்சர்கள் மூன்று பேர், உத்தி ஒன்றேதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு 48,000 பவுண்டு சம்பளம். வருமான வரி 7,086, சம்பளத்தில் தனியாகப் பிடிக்கும் தேசியக் காப்பீடு 2,834, மொத்தம் 9,920. சம்பளத்தில் 20.7 சதவீதம். சில ஆண்டுகளில் சம்பளம் பத்து சதவீதம் ஏறி 52,800 ஆகிறது. விலைவாசியும் அதே பத்து சதவீதம் ஏறிவிட்டது என்று வையுங்கள். கடைக்குப் போனால் வாங்கக்கூடிய சாமான் ஒன்றும் கூடவில்லை. ஆனால் வரியும் காப்பீடும் சேர்ந்து இப்போது 11,619, அதாவது 22 சதவீதம். வரம்புகளும் பத்து சதவீதம் ஏறியிருந்தால் 10,912 கட்டினால் போதும். ஆண்டுக்கு 700 பவுண்டுக்கு மேல் கூடுதலாகப் போகிறது. எந்த விகிதத்தையும் யாரும் தொடவில்லை.

லேபர் கட்சியின் 2024 தேர்தல் அறிக்கை, உழைக்கும் மக்கள் மீது வரியை உயர்த்த மாட்டோம், ஆகவே வருமான வரி விகிதங்களையும் தேசியக் காப்பீட்டையும் வாட்டையும் உயர்த்த மாட்டோம் என்றது. வரம்புகளைப் பற்றி அதில் பேச்சே இல்லை. வாக்குறுதி மீறப்பட்டதா இல்லையா என்ற சண்டை முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. எழுத்தின்படி பார்த்தால் மீறவில்லை. சம்பளச் சீட்டின்படி பார்த்தால் மீறியாயிற்று.

50,270ஐத் தாண்டிவிட்டால் முழுச் சம்பளத்துக்கும் 40 சதவீதமா?

இல்லை. தாண்டிய பகுதிக்கு மட்டும்தான். ஒரு பவுண்டு தாண்டினால் அந்த ஒரு பவுண்டுக்கு 40 பென்ஸ். "சம்பள உயர்வு வேண்டாம், வரி அடுக்கு மாறிவிடும்" என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் தவறு. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

ஒரு லட்சம் பவுண்டுப் பொறி என்பது என்ன?

வருமானம் 1,00,000ஐத் தாண்டியதும், மேலே வரும் ஒவ்வொரு இரண்டு பவுண்டுக்கும் உங்கள் வரியில்லாத் தொகையில் ஒரு பவுண்டு குறையும். 1,25,140ல் அது முழுசாகக் காலி. 1,00,000 வாங்குபவருக்கு 10,000 போனஸ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 40 சதவீத வரி 4,000. வரியில்லாத் தொகை 5,000 குறைவதால் அதற்கும் 40 சதவீதம், 2,000. தேசியக் காப்பீடு 2 சதவீதம், 200. கைக்கு வருவது 3,800. அந்தப் பத்தாயிரத்துக்கு மட்டும் 62 சதவீதம் போய்விட்டது. கோடீஸ்வரர் தன் கடைசிப் பவுண்டுக்குக் கட்டுவது 47. இந்த வினோதத்தை 2010 ஏப்ரல் முதல் எல்லா அரசுகளும் அப்படியே வைத்திருக்கின்றன.

சின்னக் குழந்தைகள் இருந்தால் இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே சரிவு இல்லை, நேரே பள்ளம். பெற்றோரில் ஒருவர் 1,00,000க்கு மேல் ஒரு பவுண்டு சம்பாதித்தாலும், ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு வரை கிடைக்கும் குழந்தைப் பராமரிப்பு உதவியும், வேலைக்குப் போகும் பெற்றோருக்கான வாரம் 30 மணி நேர இலவசப் பராமரிப்பும் போய்விடும். லண்டன் நர்சரிக் கட்டணத்துக்கு இரண்டு குழந்தைகள் என்றால், சில ஆயிரம் பவுண்டு சம்பள உயர்வு குடும்பத்துக்கு நஷ்டமாகவே முடியும்.

தப்பிக்கும் வழி ஓய்வூதியம். 8,000 பவுண்டைத் தனிப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தில் போட்டால், திட்டம் நடத்துபவர் அரசிடமிருந்து 2,000 வாங்கிச் சேர்த்து 10,000 ஆக்குவார். உங்கள் கணக்கு வருமானம் 1,00,000க்கு இறங்கும். மிச்ச நிவாரணமான 4,000ஐ நீங்கள்தான் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யிடம் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். இன்னொரு தவறு: சம்பளத்தை மட்டும் பார்த்து 99,500 என்று நிம்மதியாக இருப்பது. வங்கி வட்டியும் பங்கு ஈவும் வாடகை லாபமும் சேர்த்துத்தான் கணக்கு (வரியில்லாச் சேமிப்புக் கணக்கான ஐசாவின் வட்டி சேராது). போனஸ் மார்ச் சம்பளத்தோடு வந்தால் சரிசெய்ய ஏப்ரல் 5 வரைதான் அவகாசம்.

ஏப்ரல் 5 என்பது என்ன கணக்கு?

பழைய இங்கிலாந்தில் ஆண்டுக் கணக்கு மார்ச் 25ல் தொடங்கியது. 1752ல் நாள்காட்டியை மாற்றியபோது 11 நாட்கள் காணாமல் போயின. வரி வசூல் நாள் குறையக் கூடாது என்று தேதியைத் தள்ளினார்கள், 1800ல் இன்னொரு நாள் தள்ளினார்கள். அதனால் வரியாண்டு ஏப்ரல் 6ல் தொடங்கி 5ல் முடிகிறது.

தேசியக் காப்பீடு என்பது என் ஓய்வூதியச் சேமிப்புதானே?

பெயர் அப்படி நினைக்க வைக்கிறது. உங்கள் பெயரில் எந்த உண்டியலும் இல்லை. இன்று வேலை செய்பவர் கட்டுவது இன்று ஓய்வில் இருப்பவருக்குப் போகிறது, ஒரு பகுதி சுகாதாரச் சேவைக்கும் போகிறது. உங்களுக்குச் சேர்வது ஆண்டுக் கணக்கு மட்டும்: அரசு ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது 10 ஆண்டுகள், முழுத் தொகைக்குப் பொதுவாக 35 ஆண்டுகள்.

தொழிலாளர் பங்கு 12,570 முதல் 50,270 வரை 8 சதவீதம், அதற்கு மேல் 2. 2023 கடைசியில் இது 12 சதவீதமாக இருந்தது. ஹன்ட் 2024 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டிரண்டாகக் குறைத்தார். ஒரு கையால் வரம்பை நிறுத்தி எடுத்துக்கொண்டு, மறு கையால் காப்பீட்டைக் குறைத்துக் கொடுத்தது என்று அதைச் சொல்லலாம். ஓய்வூதியர்கள் தேசியக் காப்பீடு கட்டுவதில்லை. ஆகவே அவர்களுக்கு எடுத்தது மட்டும்தான் நடந்தது.

முதலாளி கட்டும் பங்கை உயர்த்தினால் தொழிலாளிக்கு என்ன?

2025 ஏப்ரலில் முதலாளி பங்கு 13.8லிருந்து 15 சதவீதம் ஆனது. அதைவிட முக்கியம், அது தொடங்கும் வரம்பு 9,100லிருந்து 5,000க்கு இறங்கியது. 35,000 சம்பளக்காரருக்கு முதலாளி கட்டியது 3,574, இப்போது 4,500. ஒரு ஆளுக்கு 926 பவுண்டு கூடுதல். பகுதி நேர வேலைக்குத்தான் அடி பலம்: 9,000 சம்பளத்துக்கு முன்பு ஒன்றுமே இல்லை, இப்போது 600. சின்னக் கடைகளுக்கு ஆண்டுக்கு 10,500 பவுண்டு தள்ளுபடி உண்டு. ஆகவே இரண்டு மூன்று பேரை வைத்துக் கடை நடத்துபவர் பெரும்பாலும் ஒன்றும் கட்டமாட்டார். உணவகச் சங்கிலிகளும் முதியோர் இல்லங்களும்தான் அலறின.

இது உழைக்கும் மக்கள் மீதான வரி இல்லை என்றது அரசு. சம்பளச் சீட்டில் அந்த வரி தெரியாது என்ற அளவில் சரி. நாளடைவில் பெரும்பகுதி குறைவான சம்பள உயர்வாகவும் குறைவான வேலையாட்களாகவும் இறங்கும் என்பதே பொருளாதார வல்லுநர்கள் பொதுவாகச் சொல்வது. முதலாளிதான் முழுக்கத் தாங்குகிறார் என்று வாதாடுவது கஷ்டம்.

புதிதாக வந்து வேலையில் சேர்ந்தேன். முதல் மாதமே ஏகப்பட்ட வரி பிடித்துவிட்டார்கள். சரியா?

சம்பளச் சீட்டில் வரிக் குறியீட்டைப் பாருங்கள். 1257எல் என்றால் சரி. பின்னால் எம்1 அல்லது டபிள்யூ1 என்று ஒட்டியிருந்தால் அது அவசரக் குறியீடு: ஒவ்வொரு மாதத்தையும் தனித்தனியாகப் பார்த்து வரி போடுகிறது. பி.ஆர். என்றால் முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம், 0டி என்றால் வரியில்லாத் தொகையே கொடுக்கவில்லை. முன்னால் எஸ் என்று இருந்தால் உங்களை ஸ்காட்லாந்துவாசியாகப் போட்டிருக்கிறார்கள், அங்கே அடுக்குகளே வேறு.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ அக்டோபரில் வந்து சேர்ந்தாலும், பிரிட்டனில் வசிப்பவர் என்ற நிலையில் முழு ஆண்டின் 12,570ம் உங்களுக்கு உண்டு. வராத மாதங்களுக்கு வெட்ட மாட்டார்கள். சரியான குறியீடு இருந்தால், அக்டோபர் கடைசிச் சம்பளத்தில் ஏழு மாதத்துக்கான வரியில்லாத் தொகை, சுமார் 7,330, கழியும். அதாவது 3,000 பவுண்டு முதல் சம்பளத்துக்கு வருமான வரி சுழி. தேசியக் காப்பீடு மட்டும் அந்தந்த மாதத்துக்கே கணக்கு. 1,048க்கு மேல் உள்ள 1,952க்கு 8 சதவீதம், 156 பவுண்டு பிடிக்கத்தான் செய்வார்கள்.

தவறு பெரும்பாலும் நிகழ்வது, சேரும்போது கொடுக்கும் 'ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட்' படிவத்தை நிரப்பாமல் விடுவதால். வேலையை விடும்போது பழைய முதலாளி தரும் பி45 சான்று இல்லாதவர்கள் அதை நிரப்பித்தான் ஆக வேண்டும். ஏப்ரல் 6க்குப் பிறகு இதுதான் என் முதல் வேலை என்ற 'ஏ' வாசகத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் புதிதாக வந்தவருக்குப் பொருந்தும். ஏற்கெனவே கூடுதலாகப் பிடித்திருந்தால் எச்.எம்.ஆர்.சி. செயலியில் வேலை விவரத்தைத் திருத்துங்கள், வரியாண்டுக்குள்ளேயே திருத்தினால் பணம் சம்பளத்தோடு திரும்பி வரும்.

பட்ஜெட் வாசித்த அன்றே சட்டமாகிவிடுமா?

சில வரிகள் அன்று மாலை ஆறு மணிக்கே அமலாகிவிடும். அதற்கென்றே 1968ல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. மற்றவை நிதி மசோதாவாகப் போய், சில மாதங்களில் நிறைவேறும். நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் அவையால் தடுக்க முடியாது. 1909ல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜின் பட்ஜெட்டைப் பிரபுக்கள் நிராகரித்ததன் விளைவாக வந்ததே அவர்கள் அதிகாரத்தைப் பிடுங்கிய 1911 சட்டம். இன்னொரு விநோதம்: வருமான வரி இன்றும் தற்காலிக வரிதான். 1799ல் நெப்போலியன் காலத்துப் போருக்காக வந்தது. இப்போதும் ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றம் புதுப்பித்தால்தான் உயிரோடு இருக்கும்.

ரகசியம் காப்பது ஒரு காலத்தில் மதம் மாதிரி. 1947ல் நிதியமைச்சர் ஹியூ டால்டன் அவைக்குள் நுழையும்போது ஒரு நிருபரிடம் இரண்டொரு விவரம் சொல்லிவிட்டதற்காகப் பதவி விலகினார். இப்போது வாரக்கணக்கில் செய்தித்தாள்களில் பட்டம் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாசிக்கிறார்கள். 2025 நவம்பர் 26ல், ரீவ்ஸ் எழுந்திருக்கும் முன்பே, வரவு செலவைக் கணிக்கும் ஓ.பி.ஆர். அமைப்பின் அறிக்கை இணையத்தில் தவறுதலாக வந்துவிட்டது. அதன் தலைவர் ரிச்சர்ட் ஹியூஸ் சில நாட்களில் விலகினார்.

ஓ.பி.ஆர். என்பது யார்? ‘ஹெட்ரூம்’ என்று தினமும் சொல்கிறார்களே?

அரசின் வரவு செலவைச் சுயேச்சையாகக் கணிக்க 2010ல் தொடங்கிய அமைப்பு. அரசு தனக்குத்தானே ஒரு விதி போட்டுக்கொள்கிறது: அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்காமல் 2029-30க்குள் வரியிலேயே சமாளிப்போம் என்று. ஓ.பி.ஆர். கணிப்புப்படி அந்த ஆண்டில் விதிக்கு மேல் எவ்வளவு மிச்சம் வருகிறதோ அதுதான் ஹெட்ரூம். 2025 மார்ச்சில் அது 9.9 பில்லியன் பவுண்டு. கேட்கப் பெரிசு, ஆனால் அரசின் மொத்தச் செலவு ஆண்டுக்கு 1,300 பில்லியனைச் சுற்றி இருக்கிறது. வட்டி கொஞ்சம் ஏறினால் ஆவியாகிவிடும் தொகை. நான்கு வருடம் கழித்து வரப்போகும் ஒரு கணிப்பின் கடைசி தசமத்துக்காக இந்த ஆண்டு யார் உதவித்தொகையை வெட்டுவது என்று விவாதிப்பது பிரிட்டிஷ் அரசியலின் தனி ருசி.

அந்தக் கணிப்பிலும் ஒரு கூட்டு நடிப்பு உண்டு. பெட்ரோல் மீதான வரி ஒவ்வோர் ஆண்டும் விலைவாசியோடு ஏறும் என்று ஓ.பி.ஆர். கணக்கில் எழுத வேண்டும், அதுதான் அரசின் அதிகாரபூர்வக் கொள்கை. 2011 முதல் 2025 வரை அது ஒருமுறைகூட ஏறவில்லை. 57.95 பென்ஸில் நின்று, 2022ல் ஐந்து பென்ஸ் குறைந்து 52.95 ஆனது. ஏறாது என்று தெரிந்தே ஏறும் என்று எழுதி, அந்தப் பணத்தை வரவில் வைக்கிறார்கள்.

நாட்டுக் கடனும் வீட்டுக் கடனும் ஒன்றுதானே? வரவுக்கு மேல் செலவு செய்தால் ஓட்டாண்டிதானே?

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்த ஆண்டு வரவுக்கும் செலவுக்கும் நடுவே விழும் துண்டு பற்றாக்குறை. இதுவரை விழுந்த துண்டுகள் எல்லாம் சேர்ந்தது கடன். பற்றாக்குறையைக் குறைத்தோம் என்று ஓர் அமைச்சர் சொன்னால் கடன் குறைந்தது என்று அர்த்தமில்லை, மெதுவாக ஏறுகிறது என்று அர்த்தம். தொலைக்காட்சி விவாதங்களில் இந்த ஒரு குழப்பமே பாதி நேரத்தை விழுங்கும்.

வீட்டுக்காரர் ஓய்வு பெறுவதற்குள் கடனை அடைத்தாக வேண்டும், அரசுக்கு அந்தக் கெடு இல்லை. பழைய கடன் பத்திரம் முதிர்ந்தால் புதுப் பத்திரம் விற்று அடைக்கலாம். கடனும் சொந்த நாணயமான பவுண்டில்தான் இருக்கிறது. ஆகவே வீட்டு உவமை பாதி தவறு. பாதி சரி, ஏனென்றால் வட்டி கட்டியே ஆக வேண்டும். கடன் இப்போது நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் 95 சதவீத அளவில் இருக்கிறது. வட்டி மட்டும் ஆண்டுக்கு 100 பில்லியனுக்கு மேல். பிரிட்டனுக்கு இன்னொரு தொல்லை, பத்திரங்களில் சுமார் கால் பங்கு விலைவாசியோடு கட்டப்பட்டவை. 2022ல் விலைவாசி எகிறியபோது வட்டிச் செலவும் கூடவே எகிறியது அதனால்தான்.

2022 குட்டி பட்ஜெட்டில் நடந்தது என்ன? வரியைக் குறைத்ததற்கா ஆட்சி போனது?

வரியைக் குறைத்ததற்காக மட்டும் இல்லை. செப்டம்பர் 23ல் அப்போதைய நிதியமைச்சர் குவாசி குவார்ட்டெங் சுமார் 45 பில்லியன் பவுண்டு வரிக்குறைப்பை அறிவித்தார். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை. ஓ.பி.ஆர். கணிப்பையும் வெளியிடவில்லை. வீட்டு மின்சார, எரிவாயுக் கட்டணத்துக்கு ஏற்கெனவே பெரிய உதவி அறிவித்தாயிற்று. கடன் கொடுப்பவர்கள் பத்திரங்களை விற்கத் தொடங்கினார்கள், விலை இறங்கியது, வட்டி ஏறியது.

அதற்கு மேல் நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. ஓய்வூதிய நிதிகள் பல, அரசுப் பத்திரங்களை வைத்துக் கடன் வாங்கி மேலும் பத்திர முதலீடு செய்திருந்தன. பத்திர விலை இறங்கியதும் கூடுதல் ஈடு கொண்டுவா என்று கடன் கொடுத்தவர்கள் கேட்டார்கள். ஈடு கொடுக்கக் காசு வேண்டும், காசுக்குப் பத்திரத்தை விற்க வேண்டும், விற்றால் விலை இன்னும் இறங்கும், மறுபடி ஈடு கேட்பார்கள். இந்தச் சுழலை நிறுத்த செப்டம்பர் 28ல் பேங்க் ஆஃப் இங்கிலாந்து 65 பில்லியன் வரை பத்திரம் வாங்கத் தயார் என்று இறங்கியது. அடமானக் கடன் திட்டங்களை வங்கிகள் திரும்பப் பெற்றன, இரண்டாண்டு நிலை வட்டி 6 சதவீதத்தைத் தாண்டியது. அக்டோபர் 3ல் 45 சதவீத அடுக்கை நீக்கும் திட்டம் கைவிடப்பட்டது, 14ல் குவார்ட்டெங் நீக்கப்பட்டார், 20ல் பிரதமர் லிஸ் டிரஸ் விலகல் அறிவித்தார்.

ஒரு சேதி கவனிக்க: 2025 செப்டம்பரில் 30 ஆண்டுப் பத்திர வட்டி 2022 உச்சத்தையும் தாண்டி, 1998க்குப் பிறகு அதிகமாகப் போனது. ஆட்சி விழவில்லை. வட்டியின் உயரத்தைவிட அது ஏறிய வேகம்தான் 2022ல் கொன்றது.

சாப்பாட்டுக்கு வாட் உண்டா, இல்லையா?

பொதுவாக இல்லை, ஆனால் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். மளிகை, காய்கறி, தோசைமாவுப் பாக்கெட் எல்லாம் சுழி. அதே மாவைச் சுட்டுச் சூடாகப் பார்சல் கட்டினால் 20 சதவீதம். கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் சூடோ ஆறியதோ 20. கேக்குக்குச் சுழி, சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு 20. ஆகவே ஜாஃபா கேக் என்பது கேக்கா பிஸ்கட்டா என்று 1991ல் வழக்கே நடந்தது, கேக் என்று தீர்ப்பு. கேக் பழசானால் கெட்டியாகும், பிஸ்கட் பழசானால் நமுத்துப்போகும் என்பதும் அதில் ஒரு சான்று.

அப்பளத்துக்கும் ஒரு வழக்கு உண்டு. வாக்கர்ஸ் நிறுவனம் தன் ‘பாப்படம்’ பாக்கெட்டுக்கு வாட் வராது என்று வாதாடியது. அதில் உருளைக்கிழங்குப் பொருள் கணிசம், பாக்கெட்டைப் பிரித்து அப்படியே கொறிப்பது, ஆகவே சிப்ஸ் மாதிரிதான் என்று 2024ல் தீர்ப்பாயம் சொன்னது. பெயர் அப்பளம் என்பதால் அப்பளம் ஆகிவிடாது. பொரிக்க வேண்டிய உளுந்து அப்பளத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

கடை வைத்திருப்பவர்களுக்கு: கடந்த 12 மாத விற்பனை 90,000 பவுண்டைத் தாண்டினால் பதிவு கட்டாயம். இந்த 12 மாதம் எந்த மாதக் கடைசியிலிருந்தும் பின்னோக்கி எண்ணுவது. கணக்காண்டு முடியட்டும் என்று காத்திருந்தவர்கள்தான் பழைய வாட்டோடு அபராதமும் கட்டுகிறார்கள்.

கவுன்சில் டாக்ஸ் வருடா வருடம் 5 சதவீதம் ஏறுகிறது. ரோட்டில் குழி அப்படியே இருக்கிறதே?

கவுன்சில் டாக்ஸ் என்பது உள்ளாட்சி மன்றம் வசூலிக்கும் வீட்டு வரி. அதில் பெரும்பாலான பணம் ரோட்டுக்குப் போவதே இல்லை. பெரிய கவுன்சில்களின் செலவில் சிங்கபாகம் முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்புக்கும் பெற்றோர் பராமரிப்பில் இல்லாத குழந்தைகளுக்கும் போகிறது. இவை சட்டப்படி கட்டாயம், வெட்ட முடியாது. ரோடு, நூலகம், பூங்கா இவற்றில்தான் வெட்ட முடியும். அந்த 5 சதவீதத்திலும் 2 பராமரிப்புக்கென்றே தனி. அதற்கு மேல் உயர்த்த, மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். நார்தாம்ப்டன்ஷையர் 2018ல், குராய்டன் 2020ல், வோக்கிங், பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் 2023ல் என்று வரிசையாகக் கையை விரித்தன.

வரியின் அமைப்பு இன்னும் விநோதம். வீட்டின் விலை 1991 ஏப்ரல் 1ல் எவ்வளவு இருந்திருக்கும் என்பதுதான் அடிப்படை. நேற்றுக் கட்டிய அடுக்ககத்துக்கும் 1991ல் இருந்திருந்தால் என்ன விலை என்று கற்பனை செய்துதான் அடுக்கு போடுகிறார்கள். ஏ முதல் எச் வரை எட்டு அடுக்குகள், 3,20,000க்கு மேல் போனால் எல்லாம் எச். எச் அடுக்கு கட்டுவது டி அடுக்கைப்போல் இரண்டு மடங்கு மட்டுமே. இங்கிலாந்தின் சராசரி டி அடுக்கு 2,280 பவுண்டு. வெஸ்ட்மின்ஸ்டரில் டி அடுக்கே ஆயிரத்தைச் சுற்றித்தான். ஆகவே அங்கே பல மில்லியன் பெறும் மாளிகை, நாட்டின் சராசரி நடுத்தர வீட்டைவிடக் குறைவாகக் கட்டுகிறது. மறுமதிப்பீடு செய்ய எந்தக் கட்சிக்கும் துணிச்சல் இல்லை. பிரதமர் தாட்சர் ஆளுக்கு இவ்வளவு என்று போட்ட தலைவரிக்கு எதிராக 1990 மார்ச் 31ல் டிராஃபால்கர் சதுக்கம் கலவரமானதை யாரும் மறக்கவில்லை. 2028 ஏப்ரல் முதல் 2 மில்லியனுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு ஆண்டுக்கு 2,500 முதல் 7,500 வரை கூடுதல் வரி என்பது 2025 பட்ஜெட் போட்ட ஒட்டு.

கையில் பில் வைத்திருப்பவருக்கு: வீட்டில் வயதுவந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் 25 சதவீதத் தள்ளுபடி, முழுநேர மாணவர்கள் மட்டும் இருந்தால் முழு விலக்கு, இரண்டுக்கும் நீங்கள்தான் எழுதிப் போட வேண்டும். பத்துத் தவணையைப் பன்னிரண்டாகக் கேட்டு வாங்கலாம். தவணை தவறி, நினைவூட்டல் வந்து ஏழு நாளில் கட்டாவிட்டால் ஆண்டின் மிச்சம் முழுவதையும் ஒரே தடவையில் கேட்பார்கள், அடுத்தது நீதிமன்றம், செலவும் உங்கள் தலையில். அடுக்கு தவறு என்று முறையிடும் முன் அக்கம்பக்கத்து வீடுகளின் அடுக்கை இணையத்தில் பாருங்கள். முறையீட்டில் அடுக்கு ஏறவும் செய்யலாம்.

பணக்காரர்களுக்கு வரி போட்டால் தீர்ந்துவிடாதா?

வருமான வரியில் கால் பங்குக்கு மேல் ஏற்கெனவே உச்சியில் உள்ள ஒரு சதவீதத்தினர்தான் கட்டுகிறார்கள். ஆனால் அது உழைத்துச் சம்பாதித்த வருமானத்தை வைத்துப் பேசும் பேச்சு. சம்பளத்தின் கடைசிப் பவுண்டுக்கு 47 சதவீதம் கட்டுபவர், பங்கை விற்ற லாபத்துக்குக் கட்டுவது 24. இந்த வித்தியாசத்தைப் பேசாமல் ‘பணக்காரர்’ என்று பொத்தாம் பொதுவாகப் பேசினால் மருத்துவரும் நிலச்சுவான்தாரும் ஒரே வண்டியில் ஏறிவிடுவார்கள்.

ஓய்வூதியத்தின் ‘டிரிபிள் லாக்’ ஏன் யாராலும் தொட முடியாததாக இருக்கிறது?

விலைவாசி, சராசரிச் சம்பளம், 2.5 சதவீதம் மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு ஆண்டுதோறும் உயரும். ஓய்வூதியர்கள் தவறாமல் வாக்களிக்கிறார்கள், அவ்வளவுதான் ரகசியம். 2024ல் குளிர்கால எரிபொருள் உதவியை வெட்டிப் பார்த்த அரசு, அடுத்த ஆண்டே 35,000 பவுண்டு வருமானம் வரை திருப்பிக் கொடுத்தது.

சுவாரசியம் இனிமேல்தான். 2026 ஏப்ரல் முதல் முழுப் புதிய ஓய்வூதியம் வாரம் 241.30, ஆண்டுக்கு 12,548. வரியில்லாத் தொகை 12,570. இடைவெளி 22 பவுண்டு. 2027ல் குறைந்தபட்சம் 2.5 சதவீதம் ஏறினாலே 12,860 அளவுக்குப் போய்விடும். அரசு கொடுக்கும் ஓய்வூதியத்துக்கு அரசே வரி கேட்கும் நிலை. அரசு ஓய்வூதியம் மட்டுமே உள்ளவர்களிடம் அந்தச் சில்லறையை வசூலிக்க மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். கூடவே பத்துப் பவுண்டு தனியார் ஓய்வூதியம் வருபவர் நிலை என்ன என்பதுதான் அடுத்த சண்டை.

வந்தேறிகள் வரி கட்டாமல் சலுகை வாங்குகிறார்கள் என்கிறார்களே?

வேலை விசாவில் இருப்பவர் மற்றவரைப்போலவே வருமான வரியும் தேசியக் காப்பீடும் கட்டுகிறார். குறைந்த வருமானக்காரருக்கான யூனிவர்சல் கிரெடிட், குழந்தை உதவித்தொகை போன்றவை பெற விசாவிலேயே தடை. அதற்கு மேல் சுகாதாரக் கட்டணம், பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035, 18 வயதுக்குக் கீழ் 776, முன்கூட்டியே மொத்தமாக. இரண்டு பெரியவர், இரண்டு குழந்தைகள், மூன்றாண்டு விசா என்றால் 10,866 பவுண்டு, விமானம் ஏறும் முன்பே. மருத்துவ, பராமரிப்பு விசாவில் வருபவர்களுக்கு மட்டும் விலக்கு. எதிர்வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை: பள்ளிக்கூடமும் சாலையும் இலவசம்தான், குறைந்த சம்பளத்தில் வந்து நிரந்தரமாகத் தங்கி முதுமை அடைபவரின் வாழ்நாள் கணக்கு வேறு மாதிரி வரலாம். யாரைப் பற்றி, எத்தனை ஆண்டுக்கு என்று கேட்காமல் இந்த விவாதத்துக்குள் போவதில் பயனில்லை.

பிரிட்டிஷ் குடியுரிமை இல்லை. இதில் எனக்கு வாக்கு உண்டா?

இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள். செல்லுபடியாகும் விசாவோடு பிரிட்டனில் வசித்தால் நாடாளுமன்றத் தேர்தல் உட்பட எல்லாவற்றிலும் வாக்களிக்கலாம். பிரான்சிலிருந்து வந்து முப்பது ஆண்டு வசிப்பவருக்கு நாடாளுமன்றத் தேர்தலில் இல்லாத உரிமை இது. தெரியாமலே இருப்பவர்கள் ஏராளம். தேசியக் காப்பீட்டு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அரசு இணையதளத்தில் பதிந்தால் ஐந்து நிமிடம். வீடு மாறினால் மறுபடி பதிய வேண்டும், கவுன்சில் டாக்ஸ் முகவரியை மாற்றினால் வாக்காளர் பட்டியல் தானாக மாறாது. வாக்குச்சாவடியில் படத்தோடு அடையாளச் சான்று கேட்பார்கள். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டே போதும்.